முதல் பாளம்

வாரியத்து ஆள் கொடுத்துவிட்டுப் போன பாளத்தை மூக்கருகே வைத்துப் பார்த்த ராஜபாண்டி முதலில் சொன்னது, "என்னடி இது, மூத்திர வாடை அடிக்குது" என்பதுதான்.

வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்த மனிதர். எலும்பில் பிடித்த புற்று இடுப்புக்கு இறங்கியிருந்தது. ஊசியும் மாத்திரையும் கைவிட்ட பிறகு, அரசின் வலித்தணிப்புத் திட்டத்தில் பெயர் பதிந்து, அலையாய் அலைந்து மனைவி சுகந்தி வாங்கிய மருந்து அது. கஞ்சாவைச் சட்டம் மருந்தாக ஏற்றுக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. விதை போடுவதிலிருந்து நோயாளியின் கையில் சேர்ப்பது வரை எல்லாம் மூலிகை வாரியத்தின் பொறுப்பு. வாரியம் அதைப் பூவாகத் தருவதில்லை. அச்சில் வைத்து அழுத்தி, செங்கல்போல ஆக்கி, முத்திரை குத்திய உறையில் போட்டுத் தந்தது. காய்ந்த சாணத்தின் நிறம். விளிம்பை நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. நடுவில் மட்டும் பிசுபிசுப்பு.

"மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். மணக்கறதுக்கு என்ன மல்லிப்பூவா?" என்றாள் சுகந்தி.

"போடியிலருந்து பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டுனவன்கிட்டயே சொல்லிக் குடுக்கறியா? நல்ல பூ எப்படி இருக்கும் தெரியுமா? பச்சையா, தொட்டா கையில ஒட்டும். மாங்காய்ப் பால் மாதிரி ஒரு வாசம் வரும். இது செத்துப்போன சரக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஏத்தியிருக்கீங்களா?"

"நான் ஏலக்காய் மட்டும்தான் ஏத்துனேன். மூட்டைக்குள்ள வேற என்ன இருந்துச்சுன்னு ஏலக்காய்கிட்டதான் கேக்கணும்."

சிரித்தார். சிரித்தால் இடுப்பில் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தார். பிறகு பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதை எதுக்கு அமுக்குனானுங்க தெரியுமா? ஒளிச்சு வைக்க. பூவா விட்டா லாரி நிறைய இடம் கேக்கும், ஊரெல்லாம் மணந்து காட்டிக் குடுத்துரும். அதனால ரெண்டு பலகைக்கு நடுவுல போட்டு லாரி ஜாக்கியால அமுக்குவானுங்க. நல்லாக் காஞ்சது உதிர்ந்துரும்னு சர்க்கரைத் தண்ணி தெளிப்பானுங்க. எடையும் கூடும்ல. ஈரத்தோட அமுக்கி டேப்பைச் சுத்துனா உள்ளுக்குள்ள வெந்து போயிரும். அதான் இந்த வாடை. கடத்துனவன் போலீஸுக்குப் பயந்து அமுக்குனான். கவர்மெண்டு யாருக்குப் பயந்து அமுக்குது?"

சுகந்தி விதையையும் காம்பையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை விரலால் பிசைந்து சூடாக்கி ஆவியாக இழுக்கும் குழலில் நிரப்பிக் கொடுத்தாள். செத்துப்போன சரக்கோ என்னவோ, அதை இழுத்த பிறகு ராஜபாண்டி தூங்கினார். அவர் குறட்டை விடுவதைக் கேட்டு அவள் அழுதாள். அத்தனை மாதமாக அந்தச் சத்தம் வீட்டில் இல்லாமலிருந்தது.

புரட்டாசி கழிந்து ஐப்பசி மழையில் அடுத்த பாளம் வந்தது. அதை உடைத்தபோது நடுவில் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. உறையில் முத்திரை ஒழுங்காக இருந்தது. கொஞ்ச நாளில் ராஜபாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு இருமல், இருமலோடு ரத்தம். நுரையீரல் முழுக்கப் பூஞ்சை படர்ந்திருப்பதாக டாக்டர் படத்தைக் காட்டினார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு அது போதும் என்றார். எலும்பு அவருக்கு இரண்டு வருஷமாவது கொடுத்திருக்கும். மருந்து கார்த்திகைகூடக் கொடுக்கவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுகந்திக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஊரார் மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தவள் இப்போது தீர்ப்பாயத்துக்குத் தன் மனுவைத் தானே தட்டச்சு செய்தாள். தன் கணவரைக் கொன்றது யார் என்று தெரிய வேண்டும், தெரிந்து அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம். உடைத்த பாளத்தில் மிச்சமிருந்த பாதியையும் மனுவையும் எடுத்துக்கொண்டு தேனியிலிருந்த சோதனைக்கூடத்துக்குப் போனாள்.

சோதனைக்கூடத்தில் இருந்தவன் நிதர்சன் என்ற இளைஞன். ஒல்லியாக, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருந்தான். மேசையளவு இருந்த ஒரு கருவிக்குள் பாளத்தை வைத்து மூடினான். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் மோப்பப்பெட்டி என்றே சொன்னார்கள்.

"இது என்ன செய்யும் தம்பி?"

"மரத்துல வளையத்தை எண்ணி வயசு சொல்லுவாங்கல்ல மேடம், அந்த மாதிரி. அச்சு ஒவ்வொரு தடவை இறங்கறப்பவும் ஒரு அடுக்கு. அந்த நேரத்துக் காத்து அந்த அடுக்குல மாட்டிக்கும். பக்கத்துல நின்னவங்க மூச்சு, வேர்வை எல்லாம் சேர்ந்து மாட்டிக்கும். மூச்சுக்கும் ரேகை மாதிரி ஒரு அடையாளம் இருக்கு. எல்லாரோட மூச்சையும்தான் ஆஸ்பத்திரி அட்டையில பதிஞ்சு வச்சிருக்காங்களே. இது ரெண்டையும் ஒத்துப் பாக்கும். முன்னாடி கடத்தல்காரங்களைப் பிடிக்க போலீஸ் செய்யச் சொன்ன பெட்டி இது. பாளத்தைப் பிடிச்சா போதும், எந்த மலையில விளைஞ்சது, எந்தக் கை அமுக்குனதுன்னு சொல்லிரும்."

"இப்ப?"

"இப்பவும் அதேதான். வாரியத்துல செய்யற ஒவ்வொரு பாளமும் இதுக்குள்ள போயிட்டுத்தான் வெளிய வரும். சரக்கைத் திருடி வெளிய விக்காம இருக்க."

"பூஞ்சை இருக்கான்னு பாக்காதா?"

நிதர்சன் மெல்லுவதை நிறுத்தினான். "பாக்கும். ஆனா அதுக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க. அதுக்குக் கீழ இருந்தா விட்டுரும். அந்த அளவு எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிரிப்பீங்க."

"சொல்லுங்க. சிரிச்சு நாளாச்சு."

"சட்டம் மாறினப்ப வாரியத்து என்ஜினியர்களுக்குக் கஞ்சா எப்படி இருக்கணும்னே தெரியாது. மாதிரி கேட்டிருக்காங்க. நாட்டுலயே அரசாங்கத்துக்கிட்ட இருந்த ஒரே மாதிரி, போலீஸ் குடோன்ல கிடந்த பறிமுதல் பாளம்தான். வருஷக்கணக்கா கிடந்தது. அதை அளந்தாங்க. இவ்வளவு நீளம், இவ்வளவு இறுக்கம், இவ்வளவு ஈரம், இவ்வளவு பூஞ்சைன்னு எழுதி, அதையே தரமா வச்சுட்டாங்க. ஒளிச்சு வைக்கத் தேவையில்லாத சரக்கை ஒளிச்சு வைக்கறதுக்கான முறையில செஞ்சுக்கிட்டிருக்கோம். லாரியில இடம் மிச்சம்னு இப்ப காரணம் சொல்றாங்க."

சுகந்தி சிரிக்கவில்லை. ராஜபாண்டி கேட்ட கேள்விக்கு விடை இதுதான் என்று நினைத்தாள். அவரிடம் சொல்ல முடிந்திருந்தால் இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்திருப்பார்.

பெட்டி பாளத்தை அடுக்கடுக்காகப் படித்து முடித்தது. நிதர்சன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது அளவையும் தாண்டியிருக்கு. பெட்டி தடுத்திருக்கணும். இனாமாக் குடுக்கற தானம்னு குறிச்சிருக்கறதால தடுக்கல. தானப் பாளம் திருட்டுப் போகாதுன்னு அதுக்குச் சோதனை கிடையாது." மறுபடி குனிந்து பார்த்தான். "நடு அடுக்குல தண்ணி. தண்ணியோட மஞ்சள், சந்தனம், குங்குமம். பூசணிச் சாறு. மாவிலைத் தூசுகூட இருக்கு. மேடம், இது ஆயுத பூஜை அன்னைக்கு அமுக்குன முதல் பாளம். பூஜை போட்டு அச்சுல தண்ணி தெளிச்சிருக்காங்க."

"மஞ்சள் தண்ணியா?"

"மஞ்சள் கிருமியைக் கொல்லும்னு தெளிச்சிருப்பாங்க. மஞ்சள் கொல்லும்தான். அதைக் கரைச்ச தண்ணி வளர்க்குமே."

யாரோ கும்பிட்டுத் தெளித்த தண்ணீர். சுகந்தி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே மூச்சுதான் தெளிவா இருக்கு. பேர் வந்துருச்சு. ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடறேன். பேர் முதல்ல புகார் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான். நீங்க தீர்ப்பாயத்துல அந்தப் பேரைச் சொன்னீங்கன்னா வழக்கு அவங்க மேல. வாரியம் விலகிக்கும். நீங்க சொல்லாம விட்டா, அமுக்குன கை யாருதுன்னு தெரியாத வழக்கு. அப்ப வாரியம்தான் பதில் சொல்லணும். உங்க சம்மதம் இல்லாம அவங்க இந்தப் பெட்டியில பேரைத் தேட முடியாது."

"தண்ணி தெளிச்சவங்க பேர் வருது. ஈரத்தோட அமுக்கச் சொன்னவங்க பேர் வருமா? பறிமுதல் சரக்கைத் தரம்னு எழுதினவங்க பேர்?"

"வராது மேடம். உத்தரவுக்கு வேர்க்காதே."

பெயரைச் சொன்னான். முத்துப்பேச்சி. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அச்சுக் கொட்டகையில் வேலை. அதோடு நிற்காமல், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணு இருக்கு. இதைச் சொல்லக் கூடாது. அந்த அம்மா மூச்சுலயும் பூஞ்சை இருக்கு. இந்தப் பாளத்துல மட்டும் இல்ல. மூணு வருஷமா அவங்க அமுக்குன எல்லாப் பாளத்துலயும் இருக்கு. வரவரக் கூடிக்கிட்டே வருது."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"பேர் இன்னைக்குத்தான் தெரியும், ஆனா இப்படி ஒரு மூச்சு இருக்குன்னு முன்னாடியே மேல எழுதிக் கேட்டேன். நாம சோதிக்கறது பாளத்தை, ஆளை இல்லன்னு பதில் வந்துச்சு."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது சுகந்தி முடிவு செய்துவிட்டாள். பெயரை வாயால் சொல்வதில்லை. வாரியம் வந்து கூண்டில் நிற்கட்டும்.

விசாரணைத் தேதி குறித்ததும், வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்தவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் புன்னகைத்தார்.

"எத்தனை காப்பி?" என்று கேட்டாள்.

"நான் காப்பி எடுக்க வரலை மேடம். அச்சுக் கொட்டகையில ஐந்நூறு பேர் வேலை பாக்கறாங்க. வாரியம் மேல தீர்ப்பு வந்தா எல்லாக் கொட்டகையையும் மூடிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். வலியில இருக்கறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஒரு தனி ஆளோட கவனக்குறைவு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"அந்த வார்த்தையை நீங்களே சொல்லுங்களேன்."

"எங்களுக்குத் தெரியாதே மேடம்."

"உங்க கொட்டகையில யாருக்கு மூச்சு சரியில்லைன்னு தெரியும்ல?"

புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மிஷின் பக்கம் போய்விட்டு வந்தன. "இருமல் எல்லாருக்கும் வரும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு சுகந்திக்குச் சோறு இறங்கவில்லை. வாரியத்துக்குத் தெரியும், மூன்று வருஷமாகத் தெரியும், சொல்லவில்லை. இப்போது தனக்கும் தெரியும். தானும் சொல்லவில்லை. விசாரணை முடியட்டும், பிறகு போய்ச் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். ராஜபாண்டிக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து மூச்சு நிற்கும்வரை எத்தனை சீக்கிரமாக எல்லாம் நடந்தது என்று நினைத்ததும் அந்தத் தேறுதல் நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டுக் கம்பம் பஸ் ஏறினாள்.

முத்துப்பேச்சி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். வாட்டசாட்டமாக இருந்து இப்போது தோள் எலும்பு தெரிய இளைத்தவள். கையில் அச்சு வேலையின் தழும்புகள். ஓயாமல் வந்த இருமலை, பழகிப்போன வீட்டுப் பூனையை விரட்டுவதுபோல ஒரு கையால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"வாங்க தாயி. யாரு தெரியலையே."

"சுகாதாரத்துலருந்து வர்றேன்க்கா. கொட்டகையில வேலை செய்யறவங்களுக்கு உடம்பு எப்படின்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"உடம்புக்கென்ன, ஓடுது. உக்காருங்க."

சுகந்தி உட்கார்ந்தாள். தூசு, முகமூடி, காய்ச்சல் என்று கேட்டாள். முத்துப்பேச்சி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முகமூடி ஆரம்பத்தில் கொடுத்ததாகவும், அதைப் போட்டால் வேலை வாங்கும் மூப்பன் கூப்பிடுவது கேட்பதில்லை என்று கழற்றிவிட்டதாகவும் சொன்னாள். "மின்னயெல்லாம் பறிச்ச பூவ நெழலுல ரெண்டு வாரம் தொங்கவிடுவோம். காம்ப ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும், அப்பத்தான் அச்சு. இப்ப எங்க? ஒலத்துற ரூம்ப மூடிப்புட்டாக. பறிச்ச மறுவாரமே அச்சுக்கு வந்துருது. கொழகொழன்னு கெடக்கு. நமக்கென்ன, அமுக்கச் சொன்னா அமுக்குறது."

"ஆயுத பூஜையெல்லாம் உண்டா?"

அவள் முகம் மலர்ந்தது. "அது இல்லாமயா? அச்சக் கழுவி, சந்தனம் பூசி, வாழை கட்டி, பூசணி ஒடச்சு அமக்களமாச் செய்வோம். மஞ்சத் தண்ணி தெளிக்கிறது நாந்தேன், கொட்டகைக்கு மூத்தவன்னு. அன்னைக்கு அமுக்குற மொதப் பாளத்த வாரியத்துக் கணக்குல சேக்க விடமாட்டோம். எங்கப்பன் காலத்துல, களவாச் செஞ்சாகல்ல, அப்ப மொதப் பாளம் கருப்பசாமிக்கு. சாமிக்கு வச்சுட்டாத்தான் லாரி பத்திரமாப் போய்ச் சேரும்னு. இப்பத்தேன் களவு இல்லையே, சாமிக்கு எதுக்குன்னு நாங்க பொம்பளைகளாப் பேசி, வலியில கெடக்குற யாருக்காச்சும் தானமாக் குடுங்கன்னு சொல்லிப்புட்டோம். ஒரு வருசமும் தவறாது."

பெருமையோடு சொல்லிவிட்டு இருமினாள். இந்தமுறை கையால் தள்ளிவிட முடியவில்லை. புடவை முந்தானையை வாயில் வைத்துக் குனிந்தாள். முந்தானையை மடக்கி மறைப்பதற்குள் அதில் இருந்த சிவப்பைச் சுகந்தி பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கணும். இன்னைக்கே."

முத்துப்பேச்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சுகாதாரம் இல்ல தாயி."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"செருப்பக் கழட்டிப்புட்டு வந்தீக. சுகாதாரத்துக்காரக செருப்போடதேன் வருவாக. யாரு நீங்க?"

சுகந்திக்குப் பொய் அதற்கு மேல் வரவில்லை. பெட்டியைப் பற்றி, மூன்று வருஷமாக அவளுடைய மூச்சு அதில் பதிந்திருப்பதைப் பற்றி, வாரியம் அதை அறிந்தே வைத்திருப்பதைப் பற்றிச் சொன்னாள். அதெல்லாம் உங்களுக்கெப்படித் தெரியும் என்று முத்துப்பேச்சி கேட்டாள். ராஜபாண்டியைப் பற்றியும் சொல்லவேண்டியதாயிற்று.

மொச்சைத் தோல் முத்துப்பேச்சியின் மடியிலிருந்து நழுவியது. அவள் எடுக்கவில்லை.

"மஞ்சத் தண்ணிதானே தெளிச்சேன். மஞ்சளுக்குக் கிருமி சாகும்பாகளே."

"உங்க மேல தப்பில்லக்கா. ஈரப் பூவை அமுக்கச் சொன்னது அவங்க. சோதிக்காம அனுப்புனது அவங்க. உங்க நெஞ்சு கெட்டது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தது அவங்க. அடுத்த வாரம் விசாரணை. உங்க பேரை நான் சொல்லப் போறதில்ல. நீங்களும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. பேர் வெளிய வராதவரைக்கும் வாரியம் தப்பிக்க முடியாது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். எக்ஸ்ரே எடுங்க."

"பேரு என்ன சொன்னீக, வீட்டுக்காரரு பேரு?"

"ராஜபாண்டி."

"என்ன தொழிலு?"

"லாரி ஓட்டினார்."

"புள்ளைக?"

"இல்ல."

முத்துப்பேச்சி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கும்போது விரல்கள் பட்டன. முத்துப்பேச்சியின் கை சுட்டது, காய்ச்சல். "போறேன் தாயி, ஆசுபத்திரிக்குப் போறேன்" என்று தலையாட்டினாள். பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றாள்.

விசாரணை நாளில் சுகந்தி நேரத்தோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். உலர்த்தும் அறையை ஏன் மூடினீர்கள்? போலீஸ் குடோனில் மக்கியதை ஏன் தரம் என்றீர்கள்? மூச்சு கெட்டவளிடம் ஏன் சொல்லவில்லை? ராஜபாண்டி உயிரோடு வரப்போவதில்லை. ஆனால் இந்தக் கேள்விகளை ஒருவராவது தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டாக வேண்டும்.

அவளை அழைப்பதற்கு முன்பே வாரியத்தின் வக்கீல் எழுந்தார். ஒரு பெண் தானாக முன்வந்து வாக்குமூலம் தர விரும்புவதாகச் சொன்னார். பின்கதவைத் திறந்துகொண்டு முத்துப்பேச்சி வந்தாள். மடிப்புக் கலையாத நீலச் சேலை. தலையில் பூ இல்லை. நெற்றியில் திருநீறு.

சுகந்தி எழுந்து, "ஐயா, அவங்க சொல்றதை" என்று ஆரம்பித்தாள். உட்காரச் சொன்னார்கள்.

முத்துப்பேச்சி ஒரு சொல்லும் தடுமாறவில்லை. அன்று அச்சருகே நின்றது தான்தான், தண்ணீர் தெளித்தது தான்தான், யாரும் தெளிக்கச் சொல்லவில்லை, கூட்டத்தில் தானாகவே தெளித்தது என்றாள். தானமாகக் கொடுக்கச் சொன்னதும் தாங்கள்தான், அதனால் அதைச் சோதிக்காமல் விட்டதற்கும் தாங்களே காரணம் என்றாள். பூ ஈரமாக இருந்ததா என்று தீர்ப்பாயத் தலைவர் கேட்டார். இருந்தது என்றாள். ஈரமென்று தெரிந்தும் அமுக்கினாயா என்று கேட்டார். "தெரிஞ்சுதேன் அமுக்குனேன்" என்றாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. உலர்த்தும் அறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தப்பட்ட நபர் அறியப்பட்டுவிட்டதால் வாரியம் வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறது என்று தலைவர் வாசித்தார். மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்க வேண்டியது கேட்டுவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் காவலர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துப்பேச்சி நின்றாள். சற்றுத் தள்ளி, வாரியத்தின் காரில் சாய்ந்தபடி வெள்ளைச் சட்டை அதிகாரி நின்றார். சுகந்தியைப் பார்த்து மரியாதையாகத் தலை தாழ்த்தினார்.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? சொல்லாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே."

"மனசு கேக்கல தாயி. அன்னைக்கு நீங்க பஸ்ஸேறிப் போனதுலருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. லாரி ஓட்டுன மனுசன். எங்கெங்கயோ போயிட்டுப் பத்திரமாத் திரும்பி வந்தவரு எங்கையாலயா போகணும்? யாரு செஞ்சான்னு தெரியாம நீங்க எம்புட்டுத் தவிச்சிருப்பீக. எனக்குத் தெரிஞ்சும் நான் வீட்டுல மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்குறது நாயமா? அதேன் மூப்பங்கிட்டப் போயிச் சொன்னேன். அவரு ஆபீசர் ஐயாகிட்டச் சொன்னாரு. ஐயாதேன் கார்ல கூட்டியாந்தாரு. நல்ல மனுசன், வழியில நிறுத்தி டீ வாங்கிக் குடுத்தாரு."

சுகந்தி காரைப் பார்த்தாள். திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த முகம் புன்னகையோடு வெயிலில் கைக்குட்டையால் தன்னைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதனிடம் என்ன சொன்னாலும் அது புரிந்துகொள்வதுபோலத் தலையாட்டும்.

"இப்ப உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்ல தாயி?" என்று முத்துப்பேச்சி கேட்டாள். பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு தூரம் வந்தது அந்த ஒரு பதிலுக்காகத்தான் என்பது தெரிந்தது.

"இருக்கு" என்றாள் சுகந்தி.

முத்துப்பேச்சி பெருமூச்சு விட்டாள். அது இருமலாக மாறி, அவளை மரத்தோடு சாய்த்து, வெகுநேரம் உலுக்கியது. சுகந்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ரவிக்கைக்கு மேலாகவே விலா எலும்புகள் கையில் பட்டன.

"எக்ஸ்ரே எடுத்தீங்களாக்கா?"

"எங்க தாயி, இந்த அலைச்சல்ல?" முத்துப்பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டே வாயைத் துடைத்தாள். "ஐயா சொன்னாரு. ஜெயிலுக்குள்ள போனா மொத நாளே எல்லாருக்கும் எடுப்பாகளாம். காசில்லாம."